ஆறு மணிக்கு ஒரு நாக்கு

1

வாஷ்பேசின் மேல் கிடந்த செல்போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

விளிம்பைத் தாண்டப் போன கடைசி நொடியில் ஜெய்ராம் அதைப் பிடித்தார். பாதி முகத்தில் ஷேவிங் நுரை.

"யாரு?"

"ஜெய்ராமா?" தகர டப்பாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"ஆமா."

"உன் ஸ்டார் எங்க கையில. இப்ப ஒரு மெசேஜ் வரும். அதுல இருக்கறபடி செய்."

"எந்த ஸ்டார்? ஹலோ... ஹலோ..."

கட்!

அடுத்த நொடி ஒரு போட்டோ வந்து விழுந்தது.

நாற்காலியில் ஓர் இளைஞன். கை, கால் கட்டு. வாயில் துணி. கழுத்தில் கட்டைவிரல் தடிமனில் தங்கச் சங்கிலி.

மணிவேல்!

கொல்கத்தாவின் டாலிகஞ்ச் காலனியில் பிறந்த தமிழ்ப் பையன். மேடையில் அவன் பெயர் 'மனி வேல்'. பணம் என்கிற மனி. தமிழ் ராப் பாடி, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரைக்கும் பையன்களைத் தலையாட்ட வைத்தவன். ஒரு பாட்டில் தங்கம். அடுத்த பாட்டில் கார். அதற்கடுத்த பாட்டில் தங்கக் கலர் கார்.

அந்தப் பாட்டுகளை வெளியிடுகிற 'ஜாக்பாட் மியூசிக்' கம்பெனியின் சொந்தக்காரர்தான் ஜெய்ராம்.

இன்று மாலை ஆறு மணிக்கு மணிவேலின் புதுப் பாட்டு 'தங்கத் தலைவன்' வெளியாக வேண்டும். துர்கா பூஜை சீசனுக்காக ஒரு நகைக்கடைக்காரர் செலவு செய்து எடுத்த வீடியோ அது.

போட்டோவுக்குக் கீழே மெசேஜ் இருந்தது. தமிழில்.

ஜெய்ராம் உற்றுப் பார்த்தார். போனைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக வைத்துப் பார்த்தார்.

லேக் மார்க்கெட்டில் பிறந்து, வங்காளி ஸ்கூலில் படித்தவர். அவருக்குத் தமிழ் பேச வரும். தமிழில் திட்ட இன்னும் நன்றாக வரும்.

படிக்க வராது!

2

டாலிகஞ்ச் ஸ்டூடியோ. காலை பத்தரை.

சப்-இன்ஸ்பெக்டர் ஜெயப்ரியா உள்ளே வந்தாள். முப்பத்திரண்டு வயது. கரக்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். தமிழ் எழுத்தை அம்மா முதுகில் நாலு வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த அடியின் புண்ணியத்தில், டிபார்ட்மென்ட்டில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று இந்தக் கேஸ் அவளிடம் வந்திருந்தது.

"மெசேஜைக் காட்டுங்க சார்."

ஜெய்ராம் போனை நீட்டினார்.

ஜெயப்ரியா படித்தாள். புருவம் ஏறியது. மறுபடி படித்தாள். இன்னும் ஏறியது.

"சத்தமா படிங்க மேடம்."

"சிரிக்கக் கூடாது. அப்படியே படிக்கறேன். 'மணிபேல் எங்களிடம் இருக்கிறான். தங்கத் தலைபன் பெளியே பரக் கூடாது. மாலை ஆறு மணிக்கு இரபல் சங்கிலி பெளியே பரணும். எழுதியபர் பெயரும் பரணும். இல்லாபிட்டால் அபன் நாக்கை பெட்டுபோம்.'"

"பெட்டுபோம்னா?" என்றார் ஜெய்ராம்.

"வெட்டுவோம்."

"அடப்பாவி... ஒரு ராப்பரோட நாக்கையா?"

"மூக்கை வெட்டினா உங்களுக்கு நஷ்டமில்லன்னு தெரிஞ்சவன் போலருக்கு. 'இரபல் சங்கிலி'ன்னா என்ன?"

பதில் பின்னாலிருந்து வந்தது.

"இரவல் சங்கிலி. நான் எழுதின பாட்டு மேடம்."

கையில் தண்ணீர் பாட்டிலோடு வாசலில் நின்றாள் ஒருத்தி. ஹம்சினி. திருச்சிக்காரி. பேங்க் வேலையில் இருக்கிற கணவனுக்கு மாற்றல் கிடைத்து, மூன்று வருஷத்துக்கு முன் கொல்கத்தா வந்தவள்.

"நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"மணிவேல் பாடற எல்லாப் பாட்டும் நான்தான் எழுதறேன்."

"அவரே எழுதறதா டிவில சொன்னாரே?"

"அந்தப் பேட்டில என்ன சொல்லணும்னு எழுதிக் குடுத்ததும் நான்தான்."

ஜெய்ராம் குறுக்கே பாய்ந்தார். "மேடம், இது வெளிய போகக் கூடாது. ராப்பர்னா சொந்த வாழ்க்கையைச் சொந்தமா எழுதிப் பாடணும். அப்பதான் பசங்க நம்புவாங்க. அந்த நம்பிக்கைதான் எங்க சரக்கே."

"சொந்த வாழ்க்கையை இவங்க எழுதறாங்க?"

"சப்ளை பண்றாங்க."

ஜெயப்ரியா ஹம்சினி பக்கம் திரும்பினாள். "அந்த இரவல் சங்கிலி... ரெண்டு வரி சொல்லுங்க."

ஹம்சினி பாடவில்லை. ரேஷன் கடை லிஸ்ட் படிப்பது போலச் சொன்னாள்.

"கழுத்துல கிடக்குற சங்கிலி வாடகை... கையில சுத்துற சாவியும் வாடகை... சிரிக்கிற சிரிப்புக்கு மணிக்கு இவ்ளோன்னு வாடகை... நாக்கு ஒண்ணுதான் என்னுது. அதையும் கேக்குறான் வாடகை."

ஜெயப்ரியாவின் கையில் மயிர் லேசாக எழுந்தது. சட்டைக் கையை இழுத்து விட்டுக் கொண்டாள்.

"நல்லாருக்கே. ஏன் வெளியிடல?"

"நகைக்கடைக்காரர் காசுல சங்கிலி வாடகைன்னு பாட முடியுமா மேடம்?" என்றார் ஜெய்ராம். "ரெக்கார்ட் பண்ணி ஆறு மாசமா அலமாரில தூங்குது. மணிவேலும் காலைப் பிடிச்சுக் கெஞ்சினான். என் அனுமதி இல்லாம இருமினாக்கூட அது எனக்குச் சொந்தம், போய் வேலையைப் பாருன்னேன்." சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "யோசிங்க மேடம். பாட்டு இவ பாட்டு. பேர் வரணும்கறான். இவ பேர். நாக்கு போகுது. அது மட்டும் அடுத்தவன் நாக்கு."

"நான் காது கேக்காதவ இல்ல சார்," என்றாள் ஹம்சினி.

"பதில் சொல்லுங்க," என்றாள் ஜெயப்ரியா.

"எனக்கு என் பேர் வரணும். மூணு வருஷம், பதினேழு பாட்டு. எங்க அபார்ட்மென்ட் லிஃப்ட்ல பசங்க என் வரியை என்கிட்டயே பாடிக் காட்டி, 'இதெல்லாம் உங்களுக்குப் புரியாது ஆன்ட்டி'ங்கறாங்க. ஆசை இல்லன்னு சொன்னா பொய். ஆனா ஒரு வரில நாலு தப்பு வர்ற மெசேஜை நான் அனுப்ப மாட்டேன் மேடம். அதுக்கு நானே ஜெயிலுக்குப் போயிடுவேன்."

"வேணும்னே தப்பா எழுதியிருக்கலாமே?"

"எழுதலாம். கை வராது."

ஜெயப்ரியாவுக்கு அந்தப் பதில் பிடித்தது. ஆனாலும் ஹம்சினியின் போனை வாங்கி வைத்துக் கொண்டு, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினாள்.

"ஆறு மணி வரை நீங்க இங்கதான். ஆள் கிடைக்கலன்னா... உங்களைத்தான் கூட்டிட்டுப் போகணும்."

"சரி மேடம். ஒரு பேப்பரும் பேனாவும் மட்டும் சொல்லுங்க."

"வாக்குமூலமா?"

"ரெண்டாவது சரணம்."

3

பகல் ஒரு மணி.

கடத்தல்காரனின் நம்பர் அணைந்து கிடந்தது. மணிவேலின் போனும் அப்படியே.

பசி மட்டும் அணையவில்லை. ஜெயப்ரியா லேக் மார்க்கெட்டில் ஜீப்பை நிறுத்தி, ஒரு டிபன் கடையில் உட்கார்ந்தாள். செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் போனுக்குள் குனிந்திருந்தார்கள்.

"அந்த இரவல் சங்கிலி எப்படி இருக்கும்டீ?"

"யாருமே கேட்டதில்லையாம். நாக்குக்குப் பதிலா கேக்கறாங்கன்னா சும்மாவா?"

ஜெயப்ரியா மெசேஜை மறுபடி எடுத்தாள். மணிபேல்... தலைபன்... அபன்... எழுதியபர்...

தப்புத்தான். ஆனால் ஒழுங்கான தப்பு. ஓர் இடத்தில்கூட மாறவில்லை. 'வ' வர வேண்டிய இடத்திலெல்லாம் 'ப'.

"என்னம்மா சாப்பிடறேள்?"

கடைக்காரர் வெங்கடநாராயணன். தோளில் துண்டு.

ஜெயப்ரியா சுவர்ப் பலகையைப் பார்த்தாள். விலைப் பட்டியல் வங்காள எழுத்தில் இருந்தது. எழுத்துக் கூட்டினாள். இட்லி... தோசை... அடுத்தது... ப... டை...

"சாம்பார் படையா?"

"வடைம்மா."

"படைன்னு போட்டிருக்கு?"

"பெங்காலில 'வ' ஏதும்மா? 'ப' தானே. நாற்பது வருஷமா இந்தத் தெருவுக்கு என் பேரே பெங்கட். முதல்ல கோபம் வந்தது. இப்ப வெங்கட்னு யாராவது கூப்பிட்டா, வேற யாரையோன்னு நின்னுடறேன்."

ஜெயப்ரியாவின் கை அந்தரத்தில் நின்றது.

தமிழை வங்காள எழுத்தில் எழுதினால் 'வ' போய்விடும். 'ப' ஆகிவிடும். அதைப் போனில் எழுத்து மாற்றுகிற ஆப் ஒன்றில் போட்டுத் தமிழ் எழுத்தாக்கினால்... ஆப்புக்கு என்ன தெரியும்? பார்த்ததைப் 'ப' என்று போடும்!

அதை அனுப்பியவனுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்திருந்தால் திருத்தியிருப்பான்.

தெரியாது. அதனால் தெரியவில்லை!

ஸ்டூடியோவுக்குப் போன் போட்டு, கான்ஸ்டபிள் மூலம் ஹம்சினியைப் பிடித்தாள்.

"ஹம்சினி, நீங்க எழுதறதை மணிவேல் எப்படிப் படிக்கறான்?"

"படிக்க மாட்டான் மேடம். அவனுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல வங்காள எழுத்துல எழுதிப்பான்."

"உங்க ஆபீஸ்ல வேற யார் அப்படி எழுதறாங்க?"

"ஜெய்ராம் சாரும் அப்படித்தான். ரெண்டு பேரும் இங்கயே பிறந்தவங்க இல்லையா?" ஹம்சினியின் குரல் தாழ்ந்தது. "மேடம்... அந்தப் பையன் ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணிட்டானா?"

"அவனுக்குப் போய் ஒளியறதுக்கு இடம் ஏதாவது இருக்கா?"

"வீடியோல வர்ற தங்கக் கலர் காரை வாடகைக்கு விடறவன் அவனோட ஸ்கூல் ஃப்ரெண்டு. அலிப்பூர்ல ஷெட். கோர்ட்டுக்குப் பின்னாடி."

ஜெயப்ரியா எழுந்தாள்.

"பெரியவரே, படை பார்சல்."

4

மணி மூன்றரை. அலிப்பூர்.

ஷெட்டுக்குள் தங்கக் கலர் கார் மின்னியது. பக்கத்தில் ஒரு நாற்காலி. நாற்காலியில் அவிழ்ந்த கயிறு.

காரின் பின் சீட்டில், காலை நீட்டி உட்கார்ந்து எக் ரோல் தின்று கொண்டிருந்தான் மணிவேல்!

ஜெயப்ரியா கண்ணாடியைத் தட்டினாள்.

எக் ரோல் மடியில் விழுந்தது.

"கோர்ட்டுக்குப் பின்னாடியே ஒளிஞ்சிருக்க. சிரமம் குடுக்கக் கூடாதுங்கற நல்ல எண்ணமா?"

"மேடம்... நான்... என்னைக் கடத்திட்டாங்க..."

"யாரு?"

மணிவேல் யோசித்தான். கடத்தல்காரனுக்குப் பெயர் வைக்க மறந்திருந்தான்.

"உன் மெசேஜைப் படிச்சேன். 'வ' எங்க போச்சு?"

"எந்த வ?"

"அதான் உனக்குத் தெரியலயே. ஏன்டா தமிழ்ல அனுப்பின?"

"பெங்காலில போட்டா லோக்கல் ஆளுன்னு தெரிஞ்சிடும். தமிழ்ல போட்டா மதுரை கேங் மாதிரி பயமா இருக்கும்னு..." குரல் இறங்கியது. "பயமா இல்லையா மேடம்?"

"பெட்டுபோம்னு இருந்துச்சு."

அவன் தலையில் கை வைத்துக் கொண்டான்.

"இது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? பொய்க் கடத்தல், மிரட்டல். அங்க ஹம்சினி மேல சந்தேகத்துல ஒரு கான்ஸ்டபிள் காவல் நிக்கறான்."

"தீதி மேலயா? எனக்கு அக்கா மாதிரி மேடம்!" துள்ளி எழுந்தவனின் தலை கார் கூரையில் இடித்தது. "ஆரே பாபா, தீதி ஒண்ணும் பண்ணல மேடம். அவங்களுக்காகத்தான் பண்ணினேன். வாங்க, நானே வந்து சொல்லிடறேன்."

"உட்காரு. ஏன் பண்ணினே? அதைச் சொல்லு."

மணிவேல் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்தான். காற்று மாதிரி லேசாக இருந்தது.

"பித்தளை மேடம், உள்ள வெறும் கூடு. நிஜமானது ஷூட்டிங் அன்னிக்கு வரும். கூடவே கடை ஆள் ஒருத்தர் வருவார். 'கட்' சொன்னதும் என் கழுத்துல கை வைப்பார். நான் இன்னும் காலனி வீட்லதான் இருக்கேன். தொப்பியை இழுத்து விட்டுக்கிட்டு மெட்ரோல வர்றேன். சரி, அது என் பாடு. போன மாசம் சேலத்துலருந்து ஒரு பையன் போட்டோ அனுப்பினான். கழுத்துல இதே மாடல். 'தங்கச்சிக்கு வச்சிருந்த நகையை உருக்கிச் செஞ்சுட்டேன் அண்ணா, எல்லாம் உங்களைப் பார்த்துத்தான்'னு."

ஜெயப்ரியா கையிலிருந்த சங்கிலியைத் திருப்பிப் பார்த்தாள்.

"அவனுக்குப் பதில் போடத் தெரியல மேடம். அந்தப் பாட்டுதான் பதில். ஒரே ஒரு நிஜப் பாட்டு. எழுதினவங்க பேரோட. கெஞ்சிப் பார்த்தேன், நடக்கல. என் சார் என்னை விட்டுக் குடுக்க மாட்டார்ங்கற தைரியத்துலதான் என்னையே கடத்தினேன். டப்பாக்குள்ள பேசினது நான்தான், கட்டிப் போட்டு போட்டோ எடுத்தது ஃப்ரெண்டு."

ஜெயப்ரியா போனை எடுத்தாள். ஜெய்ராம் நம்பர். ஸ்பீக்கரில் போட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"சார், நல்ல செய்தி. மணிவேல் இருக்கற இடம் தெரிஞ்சு போச்சு. இப்பவே காப்பாத்திடலாம்."

"இப்பவேயா மேடம்?"

"ஏன் சார்?"

"அதில்ல... நாக்குச் செய்தி பயங்கரமா பத்திக்கிச்சு. லட்சக்கணக்கான பேர் இரவல் சங்கிலிக்குக் காத்திருக்காங்க. நகைக்கடைக்காரரே போன் பண்ணி, அந்தப் பேர்லயே புது மாடல் போடறேங்கறார். ஆறு மணிக்கு அந்தப் பாட்டையே விடறேன். அதுக்கு முன்னாடி இவன் சிரிச்சுக்கிட்டே வெளிய வந்தா எவன் பார்ப்பான்? ஒரு உதவி பண்ணுங்க. ஆறு பத்துக்குக் காப்பாத்துங்க."

மணிவேலின் முகம் வெளிறியது.

"அதுக்குள்ள நாக்கை வெட்டிட்டா?"

"கஷ்டம்தான்... ஆனா மேடம், லெஜண்ட் ஆயிடுவான்."

"எழுதினவங்க பேர் போடணும்னு மெசேஜ்ல இருக்கே?"

"போடறேன், போடறேன். கவலைப்படாதீங்க." அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ஜெயப்ரியாவுக்குப் பிடிக்கவில்லை.

போனை வைத்தாள். மணிவேல் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்துக் கொண்டிருந்தான். எல்லாம் இடத்தில் இருக்கிறதா என்று.

"ஆறு பத்துன்னு சொன்னார் மேடம். என் நாக்குக்காக அந்தப் பத்து நிமிஷத்தைக்கூடக் குறைக்கச் சொல்லல."

"வண்டில ஏறு."

"ஜெயிலுக்கா?"

"இல்ல. உன் சாரோட ஆசையை நிறைவேத்தப் போறோம்."

5

சரியாக ஆறு மணி.

டாலிகஞ்ச் ஸ்டூடியோவின் பெரிய திரையில் இரவல் சங்கிலி ஓடியது. தங்கம் இல்லை. கார் இல்லை. ஆடுகிற பெண்கள் இல்லை. கறுப்புத் திரை, மணிவேலின் குரல், ஒரு டிரம்.

பார்க்கிறவர்களின் எண்ணிக்கை திரை ஓரத்தில் மீட்டர் போல ஓடியது.

ஹம்சினி கண் கொட்டாமல் நின்றாள். பாட்டு முடிந்தது. எழுத்துகள் வந்தன.

'சொல், சிந்தனை, உள்ளம்: ஜெய்ராம்.'

ஹம்சினியின் கையிலிருந்த ரெண்டாவது சரணம் கசங்கியது.

"இது என்ன சார்?"

"மெசேஜ்ல எழுதினவர் பேர் வேணும்னான். போட்டாச்சு," என்றார் ஜெய்ராம். "உன் சம்பளத்தை ஏத்திடறேன், விடு. இப்பதான் டிவிக்காரங்ககிட்ட பேசினேன். 'என் ரத்தத்துல எழுதின பாட்டு'ன்னு சொன்னேன். ஆங்கர் அழுதுட்டா."

கதவு திறந்தது.

ஜெயப்ரியா. பின்னால், முழு நாக்குடன் மணிவேல்!

"வாடா என் தங்கமே!" ஜெய்ராம் கைகளை விரித்தார்.

கைகளுக்கு நடுவில் ஜெயப்ரியா நின்றாள். அவள் விரலில் கைவிலங்கு ஆடிக் கொண்டிருந்தது.

"ரெண்டு கையும் வசதியா நீட்டியிருக்கீங்க சார். அப்படியே இருங்க."

"எனக்கா? எதுக்கு?"

"கடத்தினவன் காசு கேக்கல. ஒரு பாட்டு வெளிய வரணும், எழுதினவர் பேர் வரணும், அவ்வளவுதான் கேட்டான். பாட்டு வந்துச்சு. பேரும் வந்துச்சு. உங்க பேர். அப்ப கடத்தினதுல லாபம் யாருக்கு?"

ஜெய்ராமின் கைகள் இறங்கின.

"அந்த மெசேஜ், தமிழை வங்காள எழுத்துல எழுதற ஆள் எழுதினது. இந்த ஆபீஸ்ல அப்படி எழுதறது ரெண்டே பேர். ஒருத்தன் கட்டிப் போட்ட போட்டோல இருக்கான். இன்னொருத்தர் நீங்க."

"மேடம்..."

"ஆறு மணிக்கு முன்னாடி காப்பாத்தாதீங்கன்னு போலீஸ்கிட்டயே கேட்டுக்கிட்டீங்க. நான் பேசினது டிபார்ட்மென்ட் போன். எல்லாம் பதிவாகும்."

ஜெய்ராம் மணிவேலைப் பிடித்துக் கொண்டார். "டேய், நீ சொல்லுடா. உன்னைக் கடத்தினவன் நானாடா?"

மணிவேல் மனசாட்சியைத் தொட்டு யோசித்தான்.

"பொய் சொல்ல மாட்டேன் சார். அவன் தமிழ் அப்படியே நம்ம ரெண்டு பேர் தமிழ் மாதிரிதான் இருந்துச்சு."

ஜெய்ராமுக்கு வியர்த்தது. கழுத்துப் பட்டனைக் கழற்றினார்.

"மேடம்... அந்தப் பாட்டை நான் எழுதல."

"டிவில ரத்தம்னீங்களே?"

"என் ரத்தம் இல்ல."

"பின்ன யாருது?"

ஜெய்ராம் தரையைப் பார்த்தார். "ஹம்சினியோடது... ஆனா அப்ப இவதான் கடத்தியிருக்கணும்."

"காலைலருந்து என் கான்ஸ்டபிள் முன்னாடி உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்குத் தமிழ் எழுதவும் வரும். முடிவு உங்க கையில சார். எழுதினது நீங்கன்னா, என்கூட வாங்க. இல்லன்னா..." ஜெயப்ரியா கீ-போர்டைக் காட்டினாள். "அங்க போங்க."

ஜெய்ராம் கீ-போர்டுக்குப் போனார்.

ஒவ்வொரு எழுத்தாக அவர் பெயர் அழிந்தது. ஜெயப்ரியா விரலால் காட்டக் காட்ட, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு பெயர் வந்தது.

'பாடல்: ஹம்சினி.'

ஹம்சினி அதை ஒரு தடவை படித்தாள். நகர்ந்து வந்து, பக்கத்தில் நின்று, இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் கசங்கிய காகிதத்தை மேஜையில் வைத்து நீவ ஆரம்பித்தாள்.

"தீதி, அழறீங்களா?" என்றான் மணிவேல்.

"போடா. ஏசி கண்ணுல அடிக்குது."

"டிவிக்கும் போன் போட்டுச் சொல்லிடுங்க சார்," என்றாள் ஜெயப்ரியா. "அப்புறம், ஆள் திரும்ப வந்துட்டான், புகார் இல்லன்னு ஒரு காகிதம்."

ஜெய்ராம் போன் போட்டார். சொன்னார். காகிதம் எழுதினார். கையெழுத்தும் போட்டார். ஜெயப்ரியா அதை மடித்துப் பையில் வைத்து விட்டு, மணிவேலின் காதருகில் குனிந்தாள்.

"இன்னொரு தடவை நீ காணாமப் போனே... கண்டுபிடிக்க மாட்டேன். நானே கடத்திடுவேன்."

மணிவேல் இரண்டடி பின்னால் போனான்.

ஜெய்ராம் நாற்காலியில் சரிந்தார். திரையில் எண்ணிக்கை ஏறிக் கொண்டே இருந்தது. அதையும் விலங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேர் அவளுக்குப் போச்சு. புகழ் இவனுக்குப் போச்சு. இவ்வளவு நேரம் உண்மையைப் பேசினேனே மேடம்... இதுல எனக்கு என்ன லாபம்?"

ஜெயப்ரியா விலங்கை இடுப்பில் மாட்டிக் கொண்டாள்.

"இன்னிக்கு வீட்டுச் சாப்பாடு, சார்."